முன் அச்சில் கொடிக்குழாய்

உங்கள் அம்மா இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவாள். "உங்கப்பா ஒரு ஒடஞ்ச இரும்புத் துண்டுக்காக நல்ல வேலைய விட்டாரு, அவ்வளவுதான்." கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் கூடிய இடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நீங்கள் இருவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறீர்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. அவள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த இரும்புத் துண்டுக்குப் பின்னால் ஒரு பையன் ஜெயிலில் இருந்தான். அதை அவள் விட்டுவிடுகிறாள்.

நான் எழுத்துக்காரன் இல்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். வளைத்து வளைத்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது நான் திருவாரூரில் ஒரு டிராக்டர் கம்பெனியின் கிளையில் சர்வீஸ் பார்க்கும் வேலையில் இருந்தேன். நீடாமங்கலம் முதல் வலங்கைமான் வரை எந்தச் சேற்றில் எந்த டிராக்டர் நின்றாலும் நான்தான் டூல் பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். ஊரில் என்னை 'என்ஜினியர்' என்றார்கள். உங்கள் தாத்தா ஒரு மா, இரண்டு மா என்று குத்தகைக்கு எடுத்து உழுதவர். அவருக்கு அந்தச் சொல்லைக் கேட்பதில் தனிச் சுகம். ஆகவே நானும் மறுக்கவில்லை.

டெல்டாவில் அந்த நாளில் டிராக்டர் வாங்குவது வெறும் வண்டி வாங்குகிற காரியம் இல்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தார் வயலில் செங்கொடி நட்டிருப்பார்கள். மிராசுதார்கள் "நீங்க வரலன்னா டிராக்டர் வரும்" என்பார்கள். டிராக்டர் வந்தால் சேற்றுழவுக்குப் போகிற ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை போச்சு. போலீஸ் காவலோடு டிராக்டர் வயலில் இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆளும் கட்சி இரண்டாகப் பிளந்து, ஊருக்கு ஊர் கொடிக்கம்பமும் இரண்டாகியிருந்தது. நேற்றுவரை ஒரே பந்தியில் சாப்பிட்டவன் இன்று எதிர்க் கம்பத்தின் அடியில் நின்று முறைப்பான்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு மிராசுதார். எங்கள் கம்பெனி டிராக்டரை அந்த வட்டாரத்தில் முதலில் வாங்கியவர் அவர்தான். கட்சியிலும் பெரிய ஆள். வண்டி வந்த வாரமே அதில் கட்சிக் கொடி பறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பானட் தகட்டில் குழாயைப் பற்றவைத்தால் தகடு மெலிசு, பெயிண்டும் கருகும். ஆகவே நீடாமங்கலத்து வெல்டிங் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப்போய், முன் அச்சில், இடது சக்கரத்துக்கு உள்பக்கமாக, கொடிக்கம்பு செருக ஒரு குழாயைப் பற்றவைத்துவிட்டார். முன் அச்சுதான் வண்டியின் முன்பாரம் முழுவதையும் சுமக்கிற இரும்பு. அதன் மேல் நெருப்பு வைக்கக்கூடாது.

முதல் சர்வீசுக்குப் போனபோதே நான் சொன்னேன். "ஐயா, முன் அச்சுல வெல்டிங் கூடாதுங்க. கம்பெனிப் புத்தகத்துலயே போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் கட்சி நடத்துறானா?" என்றார் அவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஆயில் மாற்றிவிட்டு வந்தேன்.

பிறகு கட்சி பிளந்தது. மிராசுதார் புதுக் கட்சிக்குப் போனார். போனவர் கொடியை மட்டும் மாற்றியிருந்தால் போதும். துணிதானே? இல்லை. "அந்தக் குழாய்லயா இந்தக் கொடிய நடறது?" என்று கேட்டாராம். பழைய குழாயை வெட்டி எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்து, அதே இடத்தில் வேறு குழாயைப் பற்றவைத்தார்கள். வேறு இடம் வைத்தால் ஹெட்லைட்டை மறைக்குமாம். இப்படியாக ஒரே இடத்தில் இரண்டு முறை நெருப்புப் பட்டது. அவர் மட்டும் இல்லை. டெல்டாவில் டிராக்டர் வைத்திருந்த கட்சிக்காரர்கள் பாதிப் பேர் அவரைப் பார்த்து இதையே செய்தார்கள். கொடி இல்லாத டிராக்டர் மொட்டையாகத் தெரிந்ததாம்.

அந்தக் குறுவைக்குக் கூலித் தகராறு முற்றியிருந்தது. சங்கத்தார் வேலையை நிறுத்திவிட்டார்கள். மிராசுதார் டிராக்டரை இறக்கினார். ஓட்டியவன் அதே ஊர்க் கூலிக்காரத் தெருவைச் சேர்ந்த பையன். தஞ்சாவூரில் லாரியில் கிளீனராக இருந்து வண்டி கற்றவன். அவனுடைய அக்கா சங்கத்தில் இருந்தாள், நடவு வேலைக்குப் போகிறவள். தம்பி டிராக்டர் ஏறிய நாளிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

ஒரு நாள் காலையில் வண்டி வரப்பிலிருந்து வாய்க்கால் பக்கம் இறங்கும்போது முன் அச்சு படக்கென்று உடைந்து, மூக்கை வாய்க்காலில் குத்திக்கொண்டு நின்றது. பையன் தூக்கி எறியப்பட்டுக் கை எலும்பு முறிந்தது. நல்லவேளை, சேறு.

நான் போய்ச் சேர்ந்தபோது மிராசுதார் கரையில் குடை பிடித்து நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"வா தம்பி. நீயே பாரு. உன் கண்ணால பாரு. அந்த டிரைவர் பய ஹேக்சா ரம்பம் போட்டு அறுத்திருக்கான்."

அச்சு உடைந்த இடத்தின் முகத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் வழுவழுவென்று, கறுத்து, லேசாகத் துரு படிந்திருந்தது. மீதி சொரசொரப்பாக, கல்கண்டு உடைத்த மாதிரி மினுமினுத்தது. வழுவழுப்பான பகுதியில் வளைந்த வளைந்த கோடுகள். ஆற்றில் தண்ணீர் வடியும்போது மணலில் படியுமே, அந்த மாதிரி.

"ஹேக்சான்னா கோடு நேரா இருக்குங்க. இது வளைஞ்சிருக்கு" என்றேன்.

"வளைச்சு அறுத்திருக்கான்."

"துரு இருக்குங்களே."

"வாய்க்கால் தண்ணி."

"நேத்து ராத்திரி அறுத்திருந்தா—"

"சங்கத்துக்காரன் காசு குடுத்திருக்கான், இவன் அறுத்திருக்கான். அக்கா சங்கம், தம்பி டிரைவர். இதுக்கு மேல என்ன வேணும்?"

அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. போலீஸ் வந்து, உடைந்த அச்சின் நீண்டுகொண்டிருந்த பாதியைச் சாட்சிப் பொருள் என்று கழற்றி எடுத்துப் போனது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு பையனையும் கொண்டுபோனது. வண்டியை நாங்கள் கிளைக்கு இழுத்து வந்தோம். அச்சின் மறுபாதி அதிலேயே இருந்தது.

மறுவாரம் அவனுடைய அக்கா எங்கள் கிளைக்கு வந்தாள். வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"உங்க கம்பெனி வண்டிதானே சார் ஒடஞ்சது? நீங்கதானே என்ஜினியரு? அவன் அறுத்தானா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அறுக்கலன்னுதாம்மா நெனைக்கிறேன்."

"நெனைச்சா ஆச்சா? நெனைச்சத உள்ள வச்சிக்கிட்டு டீ குடிக்கிறீங்க. அவன் கிளைச் சிறையில கெடக்குறான்."

"உங்க சங்கத்துலேருந்து வந்து, நாங்க செய்யலன்னு சொல்லலாமே?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் கூத்த ஏன் கேக்குறீங்க. எங்க ஆளு ஒருத்தன் டீக்கடையில ஒக்காந்துக்கிட்டு, 'டிராக்டர எப்புடிப் படுக்க வச்சோம் பாத்தியா'ன்னு மீசைய முறுக்குறான். இவன் ஹேக்சாவ எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு தெரியாதவன். மொதல்ல அவன் வாயத் தைக்கணும். அப்புறம் மிராசுதார் வாய."

எனக்குத் தலை சுற்றியது. அறுத்ததாக மிராசுதார் சொல்கிறார். அறுத்ததாகச் சங்கத்தில் ஒருவன் பெருமை அடிக்கிறான். எங்கள் மேனேஜராவது சரியாகப் பேசுவார் என்று நினைத்து அவர் அறைக்குப் போனேன்.

"தானா ஒடஞ்சதுன்னு எழுதிக் குடுத்தீர்னா நாளைக்கு இந்த ஜில்லாவுல ஒரு வண்டி விக்காது" என்றார் மேனேஜர்.

"தானா ஒடையல சார். வெல்டிங்காலதான்னு சந்தேகமா இருக்கு. ஓனர் தப்பு. கம்பெனி மேல பழி வராது."

"ஓனர் யாருய்யா? அவர் சொன்னாத்தான் மத்தவன் வாங்குறான். அவர் மூஞ்சியில கரி பூசச் சொல்றீரா? ஹேக்சாவாவே இருக்கட்டுமே. ஹேக்சாவால யாருக்கு நஷ்டம்?"

"அந்தப் பையனுக்கு சார்."

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் நின்றுபோயிருந்தது.

நான் வண்டியில் இருந்த மறுபாதியை உடைந்த முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி வெட்டி எடுத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் முன்னால் இரண்டு பாதியையும் பொருத்திக் காட்டினேன். "ரம்பம் போட்டிருந்தா அது தின்ன இடம் காலியா இருக்கணும் சார். இங்க பாருங்க, மயிரிழை கூட எடைவெளி இல்ல."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நீ சொல்றது சரியாத்தான் இருக்கு. ஆனா நீ யாரு?" என்றார்.

"சர்வீஸ் என்ஜினியர் சார்."

"டிகிரியா?"

"டிப்ளமோ."

"என்ஜினியரிங் காலேஜ் சீல் போட்ட காகிதம் கொண்டா. இல்லன்னா கோர்ட்டுல உன்ன வக்கீல் தின்னுடுவான்."

திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரி. இரும்பை இழுத்தும் வளைத்தும் சோதிக்கிற லேப் ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். துண்டை வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "என்னய்யா மடியில? குழவிக்கல்லா? லக்கேஜ் போடணும்" என்றான். வழியில் செக்போஸ்டில் போலீஸ்காரர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தகராறுக்கு எடுத்துப்போகிற ஆயுதம் என்று என்னை இறக்கிவிட்டார். வண்டி அச்சு என்றேன். வண்டி எங்கே என்றார். கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

லேபில் இருந்த விரிவுரையாளர் என்னைவிட இளையவர். சதா சிடுசிடுப்பு. துண்டைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வியே, "முகத்துல என்ன இது, கிரீஸா?"

"துரு பிடிக்காம இருக்க—"

"ரெண்டு பாதியையும் பொருத்திப் பாத்தீங்களா?"

"ஆமா சார், அப்பத்தானே—"

"உங்களை யாருங்க பொருத்தச் சொன்னது? இந்தக் கோடெல்லாம் முடி மாதிரி. ஒண்ணோட ஒண்ணு உரசினா நசுங்கிடும். கொலை நடந்த வீட்ட கழுவித் தொடச்சிட்டு வந்து கைரேகை பாருன்னா எப்படி?"

போலீஸ் ஸ்டேஷனில் எனக்கு வெற்றி என்று தோன்றிய அதே காரியத்துக்கு இங்கே திட்டு. பரீட்சை வேலை இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். போனேன். மைக்ராஸ்கோப் பல்பு போயிருந்தது. மறுபடி போனேன். மாணவர்கள் ஸ்டிரைக், கேட் பூட்டியிருந்தது. மறுபடி போனேன். கரண்ட் இல்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது பையனின் அக்கா எங்கள் கிளை வாசலில் உட்கார்ந்திருப்பாள். "என்ன சார், இன்னிக்கு என்ன இல்ல?" என்று கேட்பாள்.

கடைசியில் ஒரு நாள் எல்லாம் இருந்தது. விரிவுரையாளர் ஏதோ திரவத்தில் கிரீஸைக் கழுவி, மெல்லிய பிரஷ்ஷால் நீவி, கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். வளைந்த கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியைச் சுற்றி விரிந்திருந்தன. குளத்தில் கல் விழுந்த இடத்தைச் சுற்றி விரிகிற மாதிரி. அந்தப் புள்ளி, பழைய வெல்டிங்கைத் தேய்த்து அதன் மேல் புது வெல்டிங் வைத்த இடத்துக்கு நேர் அடியில் இருந்தது.

"விரிசல் இங்க ஆரம்பிச்சு, வண்டி குலுங்கக் குலுங்கக் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்திருக்கு. தாங்காத அன்னிக்கு மிச்சம் ஒரேயடியா ஒடஞ்சிருக்கு. சொரசொரப்பா இருக்கே, அதுதான் அந்த மிச்சம். அறுத்ததுக்கு அடையாளமே இல்ல."

"அப்ப எழுதிக் குடுத்துடுங்க சார்."

"குடுக்கிறேன். ஆனா கோர்ட்டுல வக்கீல், வெறும் வெல்டிங்கால இரும்பு இப்படி ஒடையுமான்னு கேப்பான். கேக்காம இருக்க மாட்டான். இந்த இரும்புல, இந்த மாதிரி அசிங்கமான வெல்டிங்க வச்சு யாரும் சோதிச்சதில்ல. செஞ்சு காட்டினாத்தான் நம்புவான்."

"செஞ்சு காட்டலாமே?"

"யாரு செய்யறது? எனக்குப் பாடம் எடுக்கவே நேரம் இல்ல. நீங்க செய்யறீங்களா?"

எரிச்சலில் கேட்ட கேள்வி அது. நானும் எரிச்சலில்தான் "செய்யறேன்" என்றேன்.

மூலையில் ஒரு சின்ன மெஷின் இருந்தது. கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை மேலும் கீழும் ஓயாமல் வளைக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உடைந்த அச்சின் நல்ல பகுதியிலிருந்து கம்பிகள் கடைந்து எடுத்தேன். அதில் வெல்டிங் வைக்க வேண்டும். கல்லூரிப் பட்டறையில் அருமையாக வைத்துக் கொடுப்பார்கள். எனக்கு அருமையான வெல்டிங் வேண்டாம். நீடாமங்கலத்துக்குப் போய், கொடிக்குழாய் பற்றவைத்த அதே வெல்டரிடம் கம்பிகளை நீட்டினேன். ஒரு குழாய்த் துண்டைப் பற்றவைத்து, வெட்டி, தேய்த்து, அதே இடத்தில் மறுபடி பற்றவைக்கச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், அப்ப அவசரத்துல பண்ணினது. இப்ப நான் நல்லாப் பண்ணுவேன்."

"நல்லாப் பண்ணாதீங்க. அப்ப பண்ணின மாதிரியே பண்ணுங்க."

"என்ன அவமானப்படுத்தறதுக்குன்னே வந்திருக்கீங்களா?"

பையன் ஜெயிலில் இருக்கிற விஷயத்தைச் சொன்ன பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அப்போதும் ஒன்றை மட்டும் நன்றாகப் பண்ணிவிட்டார். கௌரவம்.

விடுமுறையை நீட்டிக்கொண்டே போனேன். மேனேஜர் தந்தி அடித்தார். உங்களில் பெரியவள் அப்போது கைக்குழந்தை. அம்மா, "ஏங்க, அந்த மெஷின் பக்கத்துலயே தொட்டில் கட்டிடலாமா?" என்று கேட்டாள். வெல்டிங் இல்லாத கம்பி வளைந்துகொண்டே இருந்தது, உடையவே இல்லை. நாங்களே சலித்துப்போய்க் கழற்றினோம். வெல்டிங் வைத்த கம்பிகள் அதில் ஒரு சின்னப் பங்கு நேரம்கூடத் தாங்காமல் உடைந்தன. முதல் கம்பி உடைந்ததும் அதன் உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பாதி வழுவழுப்பு, பாதி சொரசொரப்பு. வழுவழுப்பில் வளைந்த கோடுகள். அந்த அச்சை எடுத்துச் சின்னதாகச் செய்து வைத்த மாதிரி இருந்தது. கரண்ட் போய் மெஷின் நின்ற இடமெல்லாம் கோடாகப் பதிந்திருக்கிறது என்றார் விரிவுரையாளர். டிராக்டரும் ஓடி ஓடி நின்றதுதானே, அதனால்தான் அதிலும் கோடுகள். மின்வெட்டை அவர் திட்டாத நாள் அது ஒன்றுதான்.

உடைந்த கம்பியையும் சீல் வைத்த காகிதத்தையும் இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தோம். விரிவுரையாளரும் கூட வந்தார், பஸ்ஸில் வழி நெடுகச் சலித்துக்கொண்டே. மிராசுதாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கம்பியைச் சாட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"இத எந்த ஹேக்சாவுல அறுத்தீங்க?"

"யாரும் அறுக்கல சார். மெஷின்ல வளைச்சோம். தானே ஒடஞ்சுது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அதை மிராசுதாரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "அப்ப என் கொடிதான் என் வண்டிய ஒடச்சுதுங்கறீங்களா?"

"கொடி இல்லீங்க. குழாய்" என்றார் விரிவுரையாளர்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று எழுந்தார் மிராசுதார். "வழக்க வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஊர்ல யாரும் இத ஒரு வார்த்தை பேசக்கூடாது."

பையன் வெளியே வந்த அன்று கிளைச் சிறை வாசலில் நானும் நின்றேன். அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவனைப் பார்த்ததும், "தின்னியா?" என்றாள். அவன் தலையாட்டினான். "டிராக்டர் ஓட்டறாராம் டிராக்டர்! கூலிக்காரன் வயித்துல அடிக்க வந்த தொரை" என்று ஆரம்பித்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். பல மாதம் பேசாமல் சேர்த்துவைத்தது முழுவதும் அதில் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே நடந்தான். பஸ் ஏறும் முன் என் பக்கம் திரும்பினான்.

"சார், மத்த வண்டியிலயும் கொடிக்குழாய் இருக்கே சார்?"

அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை, பாருங்கள். இவனை வெளியே கொண்டுவருவதிலேயே என் புத்தி முழுவதும் கிடந்தது. டெல்டா முழுக்க அந்தக் குழாயை முன் அச்சில் வைத்துக்கொண்டு எத்தனை டிரைவர்கள் வரப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்!

மேனேஜரிடம் போய், வண்டி வாங்கிய எல்லோருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போட வேண்டும் என்றேன். "கொடிக்குழாய எடுன்னு நான் கடிதம் போட்டா, ரெண்டு கட்சிக்காரனும் ஒத்துமையா வந்து நம்ம கடைக் கண்ணாடிய ஒடைப்பான். அவங்களச் சேத்து வைக்கிற வேலை நமக்கெதுக்கு?" என்றார். நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நானும் அந்தப் பையனும் புறப்பட்டோம். எடுத்துக்கொண்டது மண்ணெண்ணெய், கந்தல் துணி, சாக்பீஸ் பொடி. இரும்பில் மண்ணெண்ணெயைத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து பொடியில் ஈரக்கோடு போடும். விரிவுரையாளர் சொல்லிக்கொடுத்தது. மாவுக்கட்டு பிரித்த கை இன்னும் சரியாகாததால் பையன் பேச்சை மட்டும் பார்த்துக்கொண்டான். டிரைவர்கள் அவனுக்குப் பழக்கம்.

முதல் வண்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, நீடாமங்கலத்துக்கு இந்தப் பக்கம், பழைய கட்சியிலேயே இருந்துவிட்ட ஒரு பண்ணைக்காரருடையது. அவர் எங்களைக் கிட்டேயே விடவில்லை.

"அந்த மிராசுதாரன் கட்சி மாறி. அவன் கொடி ஒடைக்கும். எங்க கொடி ஏன் ஒடைக்குது?"

"நாங்க கொடியத் தொடவே மாட்டோங்க. அடியில கொஞ்சம் தொடச்சுப் பாக்கறோம்" என்றான் பையன்.

"தொடச்சுட்டு மாத்துக் கொடி நட்டுட்டுப் போயிடுவீங்க."

அவருடைய டிரைவர் வயசாளி. வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தவர், "பாக்கட்டுங்களேன், தொடைக்கிறதுக்கு என்ன" என்றார். நான் மண்ணெண்ணெய் தடவினேன். துடைத்தேன். பொடி தூவினேன். எல்லோரும் குனிந்து நின்றோம். வெல்டிங்கின் ஓரமாக, வெள்ளைப் பொடியில், தலைமுடி அகலத்துக்கு ஒரு ஈரக்கோடு மெல்ல எழுந்து, விரல் நீளத்துக்கு ஓடி நின்றது.

டிரைவர் அதைப் பார்த்தார். சாவியை எடுத்து முதலாளி கையில் கொடுத்துவிட்டு, வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பண்ணைக்காரருக்கும் முகம் மாறிவிட்டது. ஆனால் வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறது, உழவு பாதியில் இருக்கிறது. என் தோளைத் தொட்டுக் கேட்டார்.

"சரி தம்பி. விரிசல் இருக்கு, ஒத்துக்கிறேன். இது இன்னும் எத்தனை நாள் தாங்கும்? இந்த உழவு முடியற வரைக்கும் தாங்குமா? அத மட்டும் சொல்லு."

நியாயமான கேள்வி. நாளைக்கே உடையலாம். ஒரு சம்பா முழுக்க ஓடவும் செய்யலாம். என்னிடம் இருந்தது இரண்டு மூன்று உடைந்த கம்பிகள். அவற்றிலிருந்து இந்த அச்சுக்குக் கணக்குப் போட எனக்குத் தெரியாது.

"தெரியாதுங்க."

"தெரியாதா? பின்ன என்னய்யா என்ஜினியர் நீ?"

டீக்கடை, போலீஸ் ஸ்டேஷன், மேனேஜர் அறை என்று எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேர் என்னை எரிச்சல்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. இவர் மேல் வரவில்லை. பதில் இருக்க வேண்டிய கேள்வி. பதில் இல்லை.

அந்த வண்டி உழவுக்கு இறங்கவில்லை. மீதி உழவை மாடு பூட்டி ஆள் வைத்து முடித்தார். பையனின் அக்காவுக்கும் அங்கே வேலை கிடைத்தது. "சங்கத்தால முடியாதத உங்க மண்ணெண்ணெய் முடிச்சிடுச்சு சார்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் திருச்சிக்குப் போய் விரிவுரையாளரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். விரிசல் தெரிந்துவிட்டது, இனி எத்தனை நாள்?

"சொல்ல முடியாது."

"யாருக்காவது தெரியுமா?"

"இந்த வெல்டிங்குக்கு, இந்தச் சேத்துக்கு, யாருக்கும் தெரியாது. நூறு கம்பி ஒடச்சாத்தான் ஏதாவது சொல்லலாம்." பிறகு எரிச்சலோடு மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். "டெக்னிக்கல் அசிஸ்டெண்டு போஸ்ட் ஒண்ணு காலியா கெடக்கு. யாரும் வர மாட்டேங்கறாங்க. உங்க கம்பெனி சம்பளம் கிடைக்காது. சொல்லிட்டேன்."

வேலையை விட்டது அப்படித்தான். அதன் பிறகு தபாலில் டிகிரி படித்தது, பின்னால் ஆராய்ச்சி என்று பதிவு செய்துகொண்டது எல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அப்பா கம்பி உடைக்கப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தீர்கள். நூறு கம்பியோடு முடியவில்லை. நூறாவது கம்பி முந்தைய தொண்ணூற்றொன்பதையும் பொய் என்று சொல்லிவிட்டு உடைந்தது. மெஷினைத் திட்டியிருக்கிறேன், மின்வாரியத்தைத் திட்டியிருக்கிறேன், விரிவுரையாளரோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

இன்று அந்தப் பண்ணைக்காரர் கேட்டால், இத்தனை நாளைக்குள் உடையலாம், இத்தனை நாளுக்கு முன் உடையாது என்று ஒரு அளவு சொல்வேன். அந்த அளவு இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. ஒரு டிரைவரை ஏறி உட்காரச் சொல்கிற அளவுக்குக் குறுகவில்லை. நாளைக்கும் லேபுக்குப் போகிறேன். அம்மா அடுத்த முறை அந்த ஒரே வரியைச் சொல்லிச் சிரிக்கும்போது, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.